அவர் ஒருவரைத் தவிர

1
இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. ('சமூக அக்கறையில்' என்றுதான் முதலில் எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்ததால் அடித்துவிட்டேன்.)

எங்கள் அலுவலகக் கணினிகளைக் கவனிப்பவரைச் சாவியக்கா என்போம். எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதெல்லாம் அவர் கையில். ஒருநாள் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டியல் இருக்கு. கம்ப்யூட்டர் அதைப் பார்த்துதான் ஆளை உள்ள விடும். பேர் போட்டு 'கூடாது'ன்னு இருந்தா அதுதான் முதல்ல செல்லும். அப்புறம்..."

அப்புறத்துக்குள் நான் கொட்டாவி விட்டுவிட்டேன்.

2
கோட்டை வாசலைக் காக்கும் தளபதி என்று தன்னை நினைத்துக்கொண்ட சாவியக்கா, இடுப்பில்

(வேண்டாம். இது பழைய கதையின் முதல் வரி.)

அது அவரைப் பற்றி நான் முன்பு எழுதிய நையாண்டிக் கதை. அவர் மதியம் சர்வர் அறையில் தனியாகச் சாப்பிடுவார். மெஷின்களுக்கும் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார் என்று அதில் ஒரு பத்தி. எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். பெருமை பேசுபவர்களின் காற்றைப் பிடுங்குவது தர்ம காரியம் என்று வேறு நினைப்பு.

எங்கள் பிரிவின் கோப்புறையில் வைத்தேன். பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்து, 'படிக்கக் கூடாது' என்பதில் டிக் அடித்தேன். வேலை முடிந்தது.

3
* அடிக்குறிப்பாக வரவேண்டியது: கொட்டாவியில் நான் தவறவிட்ட பாடம். கோப்புறைக்குத் தந்த அனுமதி உள்ளே வைக்கும் கோப்புக்கும் இறங்கிவரும். அந்தக் கோப்புறையை அலுவலகத்தில் எல்லாரும் படிக்கலாம். ஆக, அலுவலகமே படித்தது. அவர் ஒருவரைத் தவிர.

4
இங்கே பாத்திரம் அழ வேண்டும், அல்லது கத்த வேண்டும். இரண்டுமே எனக்கு வசதி. ஆனால் மாதாமாதம் பட்டியல்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இந்த ஃபைலை எல்லாரும் படிக்கலாம். எனக்கு மட்டும் மறுத்திருக்கு."

"அது... கை தவறி விழுந்திருக்கும்க்கா."

"கை தவறி என் இனிஷியலோடயா விழுந்துச்சு?"

நான் விசைப்பலகையைத் துடைத்தேன்.

"உங்ககிட்ட இல்லாத சாவியாக்கா? நீங்களே திறந்துக்கலாமே."

"திறக்கலாம். அது திருட்டு. மெஷினுக்கு ஊட்டியாச்சான்னு நேத்து ஒருத்தன் கேட்டான். எனக்கும் சிரிப்பு வருதான்னு படிச்சுப் பார்க்கணும். நீயே அனுமதி குடு."

5
முடிவு ஒன்று: கோப்பை அழிக்கிறேன். (கோழைக்குப் பொருத்தம்.)

இரண்டு: அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டுத் திறந்துவிடுகிறேன். (செய்யப் பார்த்தேன். கை வரவில்லை. நன்றாக எழுதப்பட்ட பத்தி! இந்த ஆச்சரியக்குறிக்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம்.)

மூன்று: அப்படியே திறந்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதையும் அதே கோப்பில்தான், பழைய கதைக்கு மேலே எழுதுகிறேன். இதைப் படிக்க முடிகிறதென்றால் உங்களுக்கு அனுமதி உண்டு. பட்டியலைத் திருத்தவும் தந்துவிட்டேன். அவர் பெயருக்கு நேரே அந்த டிக் இன்னும் இருக்கிறது. அதை எடுக்கும் வேலையையும் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன், கவனித்தீர்களா?

மணி பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டுப் பையோடு அவர் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.