பன்னிரண்டு ஆள் குறைவு

வருகைப் பதிவேட்டை மூன்றாவது முறையாக எண்ணினேன். எண்பத்தெட்டு. நூறு பேர் கையெழுத்து இல்லாவிட்டால் கிராம சபை செல்லாது. எங்களைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்காதீர்கள் என்ற தீர்மானமும் செல்லாது. ஐந்து ஊர் சேர்ந்த ஊராட்சி என்று பெயர்தான். ஓர் ஊரில் கூட்டம் போட்டால் மற்ற நாலும் எட்டிப் பார்க்காது. போதாக்குறைக்கு, கூட்ட நாளான காந்தி ஜெயந்தி தசரா நாட்களுக்கு நடுவில் வந்து தொலைத்திருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாய் சேலை முந்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள். புருஷன் போனபின் நூறுநாள் வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பேரூராட்சியோடு சேர்த்துவிட்டால் அந்த வேலை கிடையாது.

“கிளார்க்கம்மா, பன்னெண்டு பேர நீங்களே போட்டுருங்களேன்.”

“போட்டா என் வேலை போயிரும்க்கா.”

மேற்பார்வைக்கு வந்திருந்த பற்றாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்மேல் எரிச்சலாக வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

அப்போது மேளச் சத்தத்தோடு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஐந்தாவது ஊர் தசரா குழு, நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டிக் காணிக்கை எடுக்க வந்திருந்தது. குரங்கு, குறத்தி, ராஜா, போலீஸ், நடுவில் எட்டுக் கையோடு காளி. ஆறுமுகத்தாய் ஓடிப்போய்க் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். குரங்கு முகமூடியைத் தூக்கி முகத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டது. போலீஸ் சல்யூட் அடித்துவிட்டுப் போட்டது. பதினொரு பேர் ஆயிற்று. மிச்சம் காளி மட்டும்.

“இது யாருன்னு தெரியலையே. யாராவது பேரைச் சொல்லுங்க,” என்றார் பற்றாளர்.

மாலை போட்டு வேஷம் கட்டிவிட்டால் அது அம்மாதான். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். காளி ஆறுமுகத்தாய்க்குச் சொந்த அண்ணன் மகன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. சர்ச்சுக்குப் போகிற எனக்கு அந்தத் தடையெல்லாம் இல்லை. ஆனால் அந்தச் சாயத்துக்குள் இருப்பது யாரென்று எனக்கெங்கே தெரியும்?

காளியே கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது.

“சுடலைக்கண்ணு, சார். அஞ்சாவது வார்டு. அத்தைக்காவத்தான சொல்லுதேன், அம்மா கோவிச்சுக்கிட மாட்டா.”

நூறு!

தீர்மானத்தை வாசித்தேன். கை தூக்கச் சொன்னபோது காளியும் தூக்கியது. “ஒரு கைதான் கணக்கு,” என்று பற்றாளர் முதல்முறையாகச் சிரித்தார். ஆறுமுகத்தாய் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நெஞ்சிலிருந்த பாரம் மொத்தமாக இறங்கிவிட்டது.

“அத்தே, குடிக்கத் தண்ணி இருக்கா?”

அண்ணாந்தால் கிரீடம் விழுந்துவிடும். நான் பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தேன். ஆறுமுகத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சாயம் கலையாமல், அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள்.