டீ ஆறிப்போகிற தூரம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் மேப்பக்கா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அந்தச் சீட்டைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளைவிட மூத்த டிரைவர்கள்கூட வாய் நிறைய அக்கா என்பார்கள்.

போன் எடுக்கிறவர்கள் பெரிய ஹாலில் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். கத்துவார்கள், சண்டை போடுவார்கள், ஒருத்தர் பிஸ்கட்டை ஒருத்தர் பிடுங்கித் தின்பார்கள். மேப்பக்காவுக்கு மட்டும் ஹாலை ஒட்டி ஒரு தனி அறை. முன்பு பேப்பர் கட்டும் பழைய நாற்காலியும் போட்டு வைத்திருந்த அறை அது. ஜன்னல் உண்டு, பெயருக்கு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

யாராவது போன் பண்ணி, "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, நீல கேட்டு வீடு, சீக்கிரம் வாங்க" என்று அழுதால், அந்த அழுகையை வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி டிரைவரின் திரைக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்கிற கம்ப்யூட்டருக்குக் காவல் இவள். புள்ளி சரியாக விழுகிற வரைக்கும் இப்படி ஒருத்தி இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. தப்பாக விழுந்தால் மட்டும் ஹால் மொத்தமும் "மேப்பக்கா!" என்று கூவும். அதுகூட ஒரு விதத்தில் நல்லதுதான், நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே!

வீட்டில் அதுவும் கிடையாது. அம்மா போன பிறகு அவள் ஒண்டிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்வான்.

"சாப்டியாக்கா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணுமில்லடா."

அந்த "வேற"வுக்கு ஏதாவது சேர்த்து வைக்கலாம் என்று அவளும் வாரம் முழுக்க யோசிப்பாள். ஞாயிறு வந்ததும் ஒன்றும் வராது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் ஒரு திங்கட்கிழமை அறைக்குள் தலையை மட்டும் நீட்டினார். "இனிமே காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணு பாருங்க. வெள்ளிக்கிழமை எனக்கு எழுதிக் குடுத்துடுங்க. எப்படியும் இலவசம்தானே, எதையாவது எடுத்துப் போடுங்க."

எதையாவதாம்! தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். உழுகிற மாட்டுக்கு அது சரி. ஆம்புலன்ஸ் இழுக்கப் போகிற மாட்டுக்குப் பல் என்ன, குளம்பு, வால், காது எல்லாவற்றையும்தான் பார்க்க வேண்டும். மேப்பக்கா பார்க்க உட்கார்ந்தாள்.

கடைசியில் மூன்று தேறின. முதலாவது ரொம்பப் பெரியது. உலகம் பூராவும் ஆயிரம் பேர் சேர்ந்து எழுதி, திருத்தி, சண்டை போட்டுச் சமாதானமாகி வளர்த்தது. ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள், அதில் மூன்று பேர் ஒருத்தரை ஒருத்தர் மறுப்பார்கள். அதற்கு அவள் கூட்டுக்குடும்பம் என்று பெயர் வைத்தாள். இரண்டாவதில் படம், பட்டன் எதுவும் கிடையாது. கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தால் வேலை செய்யும், ஒரு புள்ளி விட்டுப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது முசுடு. மூன்றாவது, வழிசொல்லி.

வழிசொல்லி அவளுக்குப் புதிதில்லை. பழைய சாஃப்ட்வேரோடு ஒட்டுச்செடி மாதிரி அதையும் அவள் வைத்திருந்தாள். ஜனங்கள் வாயால் சொல்கிற முகவரியை அதுபோலப் புரிந்துகொள்கிற கருவி வேறு கிடையாது. அதை எழுதியவர் ஒரே ஒருத்தர். இணையத்தில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் தனிமரம்.

ஆரம்பத்தில் ஒரு பிழையைச் சொல்லத்தான், மேப்பக்கா என்ற பெயரிலேயே அவள் அவருக்கு எழுதினாள். "பின்னாடி, பின்பக்கம், பின்னால, மூணும் ஒண்ணுதான். உங்க கருவிக்கு முதல் ஒண்ணு மட்டும்தான் தெரியுது." மறுநாளே பதில் வந்தது. "அட, ஆமாம்! சேர்த்துட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். எதிர்த்தாப்லன்னா எத்தனை மீட்டர்?" அவள் எழுதினாள்: "சொல்றவங்க எவ்வளவு அழறாங்கங்கிறதைப் பொறுத்தது."

அப்படித் தொடங்கியது. பிழைகளைப் பற்றிப் பேசுகிற அந்தப் பக்கத்துக்கு இவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கா வராது. நாலு வரி வேலையைப் பற்றி இருக்கும், ஐந்தாவது வரி சும்மா இருக்கும். "இங்கே மழை." "இன்னைக்கு ஹால்ல யாருக்கோ பிறந்தநாள், எனக்குக் கேக் குடுக்க மறந்துட்டாங்க." "அப்ப அந்த ஹாலை மேப்புல இருந்து எடுத்துடலாம்." அந்த ஐந்தாவது வரிக்காக அவள் எத்தனை பிழையை வலுவில் தேடிக் கண்டுபிடித்தாள் என்பதைச் சொன்னால் அவளுக்கு வெட்கமாகிவிடும், விட்டுவிடுவோம். ஒரு தடவை, "நீங்க சொன்ன நீல கேட்டுக்குப் பச்சை அடிச்சுட்டாங்க" என்று எழுதியிருந்தார். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டு, சாட்டிலைட் படத்தில் பார்த்திருப்பார் என்று அவளே சமாதானமும் செய்துகொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், வேலையைப் பற்றி ஒன்றுமே இல்லாமல் அவரிடமிருந்து இரண்டு எண்கள் மட்டும் வந்தன. பூமியில் ஓர் இடத்தைக் குறிக்கிற இரண்டு எண்கள். கீழே, "நேரம் இருந்தா ஒரு நாள் டீ குடிக்க வாங்க."

செல்போன் மேப்பில் அந்த எண்களை அப்படியே போட்டாள். புள்ளி எங்கேயோ வடக்கே, பனிக்கடலுக்கு நடுவில் போய் விழுந்தது. சுற்றிலும் வெள்ளை, ஒரு தீவுகூடக் கிடையாது. மனுஷன் குசும்பைப் பாரேன் என்று அந்தச் சுவர் பார்த்த அறையில் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சூட்டிலேயே பதில் எழுதினாள்: "அவ்வளவு தூரமா? நான் வர்றதுக்குள்ள டீ ஆறிப்போயிடும்!"

இரண்டு நாள் கழித்து ஒரு சொல் வந்தது. "சரிதான்."

அதன் பிறகு நாலு வரிதான் வந்தது. ஐந்தாவது வரி நின்றுபோனது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தாள். நாலு மாதமாக அந்த நாலு வரியும் இல்லை. புதிய மார்க்கெட் கட்டியதில் பழைய வழி அடைபட்டது, கருவிக்கு அது தெரியவில்லை என்று எழுதினாள், பதில் இல்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று எழுதினாள். அதற்கும் இல்லை. மூன்றாவதாக ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டாள்.

ஓப்பன் சோர்ஸ் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது கை வைத்தார்கள், தட்டினால் யாராவது திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தனிமரம் தோப்பாகாது என்பதைத்தான் அந்தத் தொழில்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மேப்பக்காவுக்கு இது மனப்பாடம்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வழிசொல்லியை விட்டால் அந்தப் பக்கத்துக்குப் போக அவளுக்கு எந்தக் காரணமும் இருக்காது. அதையே தேர்ந்தெடுத்தால் தினமும் எழுதலாம், ஆபீஸ் வேலை என்று தைரியமாக எழுதலாம். என்றைக்காவது அவரும் பதில் போடுவார். மேனேஜர் எதையும் படித்துப் பார்க்கிற ஜாதி இல்லை. "வழிசொல்லி: நன்றாகப் பராமரிக்கப்படுகிறது" என்று அடித்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்தான். பசித்தவள் சொன்ன பொய்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து வாசலில் நின்றார். "அக்கா, காலையில ஒரு நெஞ்சுவலி கேஸு. உங்க மேப்பு எங்களைப் புது மார்க்கெட்டு சுவத்துல கொண்டுபோய் முட்டிடுச்சு. சுத்திக்கிட்டுப் போய்ச் சேர்ந்தோம். பொழச்சுக்கிட்டார். ஆனா அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வை இருக்கே, அப்பப்பா!"

அவர் போனதும் அந்த வரியை அழித்தாள். "பராமரிப்பவர் ஒரே ஒருவர். நான்கு மாதமாக அவரிடமிருந்து பதில் இல்லை. இதை நம்பி வண்டி அனுப்பக் கூடாது" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட இப்படித் தனியாக அழவில்லை, அன்றைக்குத் தம்பியாவது பக்கத்தில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கடைசி வரியை மட்டும் பார்த்தார், அவள் வைத்த பெயரே அதில் விழுந்திருந்தது. "கூட்டுக்குடும்பமா? அதுல ஆளுங்க நெறைய இருக்காங்கல்ல? அப்ப சரி." அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை வழிசொல்லி இதுவரை கண்டுபிடித்து வைத்த புள்ளிகளை எல்லாம் மொத்தமாகக் கூட்டுக்குடும்பத்துக்குள் கொட்டினாள். ஊர் வரைபடம் துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது. ஒரு புள்ளி இல்லை. படத்தைச் சுருக்கினாள், இன்னும் சுருக்கினாள். உலகமே தெரிந்தபோது, வடக்கே பனிக்கடலில் அத்தனை புள்ளிகளும் குவியலாகக் கிடந்தன.

செய்தி பரவி ஹாலிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். "ஐயோ அக்கா, ஊரையே ஐஸ்ல போட்டுட்டீங்களே!" "வண்டிக்குப் பதிலா படகு விடலாமா அக்கா?" அவளும் சேர்ந்து சிரித்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் ஒரு தீராத வழக்கு உண்டு. ஓர் இடத்தைச் சொல்லும்போது வடக்கு தெற்கைக் காட்டுகிற எண்ணை முதலில் எழுதுவதா, கிழக்கு மேற்கைக் காட்டுகிற எண்ணை முதலில் எழுதுவதா என்பதுதான் அது. தனிமரம் கிழக்கு மேற்குக் கட்சி, கூட்டுக்குடும்பம் வடக்கு தெற்குக் கட்சி; எண்கள் இடம் மாறி ஊரே பனிக்கடலுக்குப் போய்விட்டது. பழைய சாஃப்ட்வேரில் யாரோ புண்ணியவான் இரண்டையும் தானாக மாற்றிக்கொள்ளும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான், அதனால் அவள் கண்ணில் இது ஒருநாளும் படவில்லை. எண்களை மாற்றிப் படிக்கச் சொல்லும் இடத்தில் டிக் அடித்தாள். புள்ளிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்தன. வேடிக்கை முடிந்ததும் நாலு பேரும் ஹாலுக்குத் திரும்பிப் போனார்கள்.

மேப்பக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பனிக்கடலை அவள் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்தாள். இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டாள். புள்ளி இதே ஊரில் விழுந்தது. அவள் தினமும் பஸ் மாறுகிற நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டாவது தெருவில், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்.

அடிப்பாவி! மனுஷன் வீட்டு விலாசம் கொடுத்து டீக்குக் கூப்பிட்டிருக்கிறார். இவள் எழுதுகிற பிழை எல்லாமே இந்த ஊர்த் தெருக்களைப் பற்றித்தான், இவள் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியும். நீல கேட்டுக்குப் பச்சை அடித்ததை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதியிருக்கிறார். அந்த மனுஷனுக்கு இவள் எழுதிய பதிலை அவர் கண்ணால் இப்போது படித்தாள். "அவ்வளவு தூரமா? நான் வர்றதுக்குள்ள டீ ஆறிப்போயிடும்!" இரண்டு நாள் யோசித்து அவர் சொன்ன "சரிதான்" அதற்குக் கீழேயே கிடந்தது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கட்டடத்தின் கீழே ஒரு டைலர் கடை. "மேல ஒருத்தர், கம்ப்யூட்டர்ல மேப் வேலை பாக்குறவர்..." என்று இழுத்தாள்.

டைலர் மிஷினை நிறுத்தினார். "இருக்காரும்மா. கண்ணுதான் போயிடுச்சு பாவம். சர்க்கரை கண்ணுல ஏறிடுச்சாம், நாலஞ்சு மாசமா ஒண்ணும் தெரியல. கடைக்குப் போறது வர்றது எல்லாம் நான்தான். நீங்க சொந்தமா? சொந்தம்னு யாரும் வந்து நான் பார்த்ததில்லையே."

அவள் படி ஏறினாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. "யாரு, டைலரா?" என்று உள்ளேயிருந்து குரல். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. எழுத்தில் கேட்டதைவிட வயதான குரல். தன் பெயரைச் சொல்லலாம் என்றால் அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது.

"நான்... பின்னாடி, பின்பக்கம், பின்னால, மூணும் ஒண்ணுதான்னு எழுதினேனே..."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "மேப்பக்காவா?" என்று கேட்டுக்கொண்டே, சுவரைத் தடவித் தடவி வந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "இத்தனை நாள் கழிச்சு எப்படி வந்தீங்க?"

"ரெண்டு நம்பரையும் மாத்திப் போட்டேன். அன்னைக்கு நீங்க எழுதின மாதிரியே போட்டேன், பனிக்கடல்ல போய் விழுந்துச்சு. நீங்க விளையாடுறீங்கன்னு நெனச்சேன்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! அதான் ஆறிப்போயிடும்னு எழுதினீங்களா? வர இஷ்டமில்ல, நாசூக்கா சொல்றாங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

மாறிப்போன இரண்டு எண்ணுக்கு இரண்டு வருஷம். யாரைத் திட்டுவது? அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

"உங்க வழிசொல்லி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேங்க. ஒரே ஆளு, பதில் இல்லைன்னு எழுதிட்டேன்."

"உண்மையைத்தானே எழுதியிருக்கீங்க. தனிமரம்னு பேரையே வச்சுக்கிட்டுக் கோவிச்சா நல்லாவா இருக்கும்? நீங்க எழுதினதெல்லாம் வந்து கெடக்கும்னு தெரியும். படிச்சுச் சொல்லத்தான் ஆளில்ல." பிறகு அடுப்பு இருக்கிற பக்கம் திரும்பினார். "உக்காருங்க, டீ போடுறேன். அது கண்ணில்லாமலே வரும்."

இரண்டு டம்ளர்களைக் கையால் துழாவி எடுத்தார். ஒன்று தினமும் புழங்குகிறது. இன்னொன்றில் தூசு படிந்திருந்தது, அதைக் கழுவினார், மறுபடி கழுவினார். அவள் எழுந்து போய் உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடு இங்கேருந்து ரொம்பத் தூரமோ?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"இல்லீங்க. கூப்பிடு தூரம்தான்."

பால் பொங்கி வரும் சத்தம் கேட்டது. அவர் தடவிப் பார்த்து அடுப்பை அணைத்தார்.

"கூப்பிட்டேனே" என்றார்.