83,412-ஆவது இலை

சூப்பர் கம்ப்யூட்டரின் ஒரு லட்சம் பிராசஸர்களும் வழக்கம்போல் காலை பத்து மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தன. பந்தி கிண்டியில் தொடங்கிச் செங்கல்பட்டில் முடிந்தது. நடுவில் இரண்டு ரயில்வே கேட்.

ஒவ்வொரு பிராசஸர் முன்னாலும் வாழை இலை. இலையில் கணக்கு. அன்றைக்கு வானிலைக் கணக்கு. காற்று இரண்டு கரண்டி, ஈரப்பதம் ஒரு கரண்டி, தொட்டுக்கொள்ள வங்காள விரிகுடா.

யாருக்கு எவ்வளவு பரிமாறுவது, எப்போது எழுப்புவது என்று பார்த்துக்கொள்வதற்குப் பெயர் ரன்டைம். அதை வடிவமைத்தவள் தாட்சாயணி. அதில் முக்கியமான விதி ஒன்றுதான்: கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. இதை எழுத அவளுக்குப் பதினொரு வருடம் ஆயிற்று. மரியாதையை இயந்திரத்துக்குப் புரியவைப்பது லேசல்ல.

பத்து மணி நாலு நிமிடத்துக்குள் 99,999 பேர் முடித்துவிட்டார்கள். கை காயக் காத்திருந்தார்கள். 83,412 மட்டும் இன்னும் சாம்பாரைத் தாண்டவில்லை.

பதினோரு மணிக்கு ஆபரேட்டர் தேவசகாயம் ஓடிவந்தார்.

"மேடம், மழை வந்துடுச்சு."

"எங்க?"

"ரிசப்ஷன்ல உக்காந்திருக்கு."

மழை ரெயின்கோட் போட்டிருந்தது. பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'பெய்ய' என்று எழுதியிருந்தது. முன்னறிவிப்பு வராமல் பெய்ய அதற்கு அனுமதி இல்லை. பந்தி எழாமல் முன்னறிவிப்பு வராது. ஊரில் ஏரிகள் எல்லாம் காய்ந்து, எருமைகள் அவற்றில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்றது மழை. "நெல்லூர்ல கூப்புடுறாங்க. மதியத்துக்குள்ள முடியலன்னா அங்க போய்க் கொட்டிடுவேன்."

"ஒரே ஒரு இலைதான் பாக்கி. அஞ்சு நிமிஷம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க."

தாட்சாயணி சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்தி ஓரமாகவே மிதித்தாள். வழியில் தாம்பரம் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை அவள் அதற்குத் தலையாட்டினாள். மறைமலைநகர் தாண்டி 83,412 உட்கார்ந்திருந்தார்.

"சார், கொஞ்சம் சீக்கிரம்."

"புள்ளிக்கு அப்புறம் நாப்பது இலக்கம் இருக்கும்மா. ஒவ்வொண்ணா மென்னு முழுங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

பக்கத்தில் இருந்த 83,413 எட்டிப் பார்த்தார். "பாதிய எனக்குத் தள்ளுய்யா. சும்மாதான குந்திக்கினு இருக்கேன்."

"எச்சில் கணக்கு. தொடாதே."

எச்சில் கணக்கைத் தொடக் கூடாது என்பதும் விதிதான். அதையும் தாட்சாயணியே எழுதியிருந்தாள். அதற்கு விருதுகூட வாங்கியிருந்தாள்.

செல்போன் அடித்தது. தேவசகாயம்.

"மேடம், மழை கோட்டு பட்டன் போடுது! கெளம்புது மேடம்!"

தாட்சாயணி ஒரு நிமிடம் யோசித்தாள்.

"சாப்ட்டுச்சான்னு கேளுங்க."

"யாரு?"

"மழைதான்."

தேவசகாயம் கேட்டுவிட்டு வந்தார். "இல்லையாம் மேடம். காலைல காபி மட்டும்தானாம்."

"இலை போடுங்க."

மழை வெட்கப்பட்டது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னது. மூன்றாம் தடவை கோட்டைக் கழற்றிவிட்டுக் கிண்டியில் முதல் ஆளாகச் சம்மணமிட்டது. பரிமாறியதை நாலு வாயில் முடித்தது. எழப்போனது. பக்கத்துப் பிராசஸர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மறுபடி உட்கார்ந்துகொண்டது.

பொழுது போகவில்லை. இலையில் தண்ணீர் தெளித்தது. துடைத்தது. மறுபடி தெளித்தது. இலையில் தெளிக்க முன்னறிவிப்பு தேவையில்லை.

"மேடம்," என்றார் தேவசகாயம். "செம்பரம்பாக்கம் ஏரி பாதி ரொம்பிடுச்சு. எருமைங்க கரையேறிடுச்சு."

83,412 இலையை வழித்தார். "இதோ ஆச்சும்மா. கடைசி வாய்."

தாட்சாயணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார் அவசரம்? நிதானமா மெல்லுங்க. பூண்டி ஏரி இன்னும் பாக்கி இருக்கு."