ஜஹீரா நின்ற நிலை

ஜஹீராவுக்குத் தீராத கழுத்து வலி. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தாள்; நாள் முழுக்கக் குனிந்தே வேலை. டாக்டர் யோகா செய்யச் சொன்னதும், பெருங்களத்தூரில் தான் குடியிருந்த அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் திரிபுரசுந்தரி நடத்திய வகுப்பில் சேர்ந்தாள்.

உடம்பு நன்றாகவே வளைந்தது. ஆனால் ஒற்றைக் காலில் கைகூப்பி நிற்கிற விருட்சாசனத்தில் மட்டும் நின்ற வேகத்தில் தள்ளாடினாள்.

"கால்ல பலம் இல்ல போல, மேடம்."

"கால் நல்லாத்தான் இருக்கு. நீங்க மூச்சு விடறதே இல்லையேக்கா," என்றாள் திரிபுரசுந்தரி.

ஜஹீராவுக்குச் சிரிப்பு வந்தது. கடைக்குப் போனபிறகுதான் புரிந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது, பட்டுத் துணியில் கத்தரி வைக்கும்போது, அளவு தப்பென்று யாராவது சண்டைக்கு வரும்போது, அவள் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் வகுப்பில் முதலில் உட்கார்ந்து, ஆசனத்தைவிட மூச்சையே கவனித்தாள். மூக்கு நுனியில் குளிர்ச்சியாக நுழைந்தது, வெதுவெதுப்பாக வெளியேறியது. மனசு பட்டன், லைனிங் என்று ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டிவந்தாள். மூச்சு சீரானபிறகே காலைத் தூக்கினாள்.

"சும்மா உக்காந்திருக்கவா விடியக்காலைல போற?" என்று கணவர் மைதீன் பிச்சை கேட்டார்.

"உக்காந்து பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும்," என்றாள்.

அந்த வருஷப் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, குடியிருப்புக்காரர்கள் முன்னால் வகுப்பின் நிகழ்ச்சி. கீழே ஜிஎஸ்டி ரோட்டில் ஊருக்குப் போகிற பஸ்கள் நெருக்கியடித்து நின்றன. எல்லோரும் விருட்சாசனத்தில் நின்றபோது ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வரிசையில் ஒவ்வொருவராகக் கால் ஊன்றினார்கள்.

ஜஹீராவுக்கும் ஹாரன் கேட்டது. மூச்சு பழையபடி நின்றுவிடப் பார்த்தது. அவள் மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். அடுத்தது தானாக உள்ளே வந்தது. கால் அசையவில்லை. திரிபுரசுந்தரி சொல்லும்வரை நின்றாள். பிறகு, தூக்கிய அதே நிதானத்தோடு காலை இறக்கினாள்.

கைதட்டல் அடங்குமுன் மைதீன் பிச்சை எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஜெபசீலனிடம், "நம்ம வீட்டம்மா சார்," என்றார், அவருக்குத் தெரியாதது போல.

திரிபுரசுந்தரி வந்து ஜஹீராவின் கையைப் பிடித்தாள். "பொங்கல் முடிஞ்சு புதுசா வர்றவங்களுக்கு மூச்சுப் பயிற்சி நீங்கதான்க்கா சொல்லித் தரணும்."

முன்பெல்லாம் எதைக் கேட்டாலும் 'எனக்கென்ன தெரியும்' என்பவள் ஜஹீரா. இப்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"சொல்லித் தரேன் மேடம்," என்றாள்.