முவோனின் அப்பா

பிரெஞ்சுக்காரர்கள் வினோதமான ஆட்கள். டியென் பியென் பூ பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய கையோடு, சுற்றியிருந்த குன்றுகளுக்கெல்லாம் பெண் பெயர் வைத்தார்கள். எங்கள் பான் கேயோ குன்றுக்கு ஆன்-மாரி என்று பெயர். யாரோ ஒருத்தியின் பெயரைப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்கக் கத்த அவர்களுக்குக் கூச்சமே இல்லை. அந்தக் குன்றின் பதுங்குகுழியில் கிடந்த தன் புருஷனின் பெயரை ஒரே ஒரு தடவை சொல்ல ஹாக்குக்குத்தான் வாய் வரவில்லை.

தை இனத்தில் முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் பெயர் போய்விடும். இன்னாரின் அம்மா, இன்னாரின் அப்பா, அவ்வளவுதான். அதற்கப்புறம் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது முகத்தில் அறைந்த மாதிரி. பெண்டாட்டியே சொன்னால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள் ஹாக்கின் வீட்டில்.

புருஷன் பியெங்கைப் பிரெஞ்சுப் படைக்கு இழுத்துக்கொண்டு போனபோது, தான் உண்டாகியிருப்பது ஹாக்குக்கே தெரியாது. பிறகு முவோன் பிறந்தாள், தவழ்ந்தாள், கீழ்வரிசையில் இரண்டு பல்லும் முளைத்துவிட்டது. அவனுக்குச் சேதி கொண்டுபோக ஒரு காக்கை குருவி இல்லை.

அந்தப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, தோளில் காவடிக்கம்பு வைத்து, ஹாக் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த விடுதலைப் படைக்கு அரிசி சுமந்தாள். அதைத் தின்றவர்கள்தான் குன்றுமேல் குண்டு போட்டார்கள். கூட நடந்த பெண்களின் புருஷர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் இருந்தார்கள். குண்டு விழுந்தால் அந்தப் பெண்கள் கை தட்டுவார்கள். ஹாக்கும் தட்டுவாள், தட்டிவிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்வாள். அத்தனை கூட்டத்தில் அவளைப் போல் தனியாக நடந்தவள் வேறு யாரும் இல்லை.

முதலில் ஹிம் லாம் குன்று விழுந்தது. அடுத்து டோக் லாப். இனி பான் கேயோதான். அங்கே காவல் நின்றவர்களில் பெரும்பாலோர் தை பையன்கள் என்பதால், அடிப்பதற்கு முன் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று படையில் முடிவு செய்தார்கள். ஒலிபெருக்கியோடு நின் என்ற தோழர் ஹாக்கைத் தேடி வந்தார். சமவெளி ஆள். தை மொழியைக் கல்லும் நெல்லுமாகப் பேசுவார்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரன் மேல இருக்கானாமே. ரெண்டு வார்த்தை கூப்பிடு. ஒருத்தன் எறங்கினா நூறு பேரு எறங்குவான்."

"அடிக்க மாட்டீங்களே அண்ணே?"

"எறங்கி வந்தா சோறு போட்டு வீட்டுக்கு அனுப்புறோம். மேலயே இருந்தான்னா என் கையில இல்லம்மா. பேரச் சொல்லிக் கூப்பிடு, அப்பத்தான் தெரியும்."

"பேரையா? ஐயையோ, மாட்டேன்."

"அட, பேருதானே!"

"ஒங்களுக்குப் பேருதான். அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

நின் சிரித்தார். "சரி தாயே, எப்படியோ கூப்பிடு, கூப்பிட்டாச் சரி."

சாயங்கால வெயிலில் அவள் குரல் குன்றுமேல் ஏறியது. "முவோன் அப்பா! நான்தான் பேசுறேன். எறங்கி வந்துருங்க முவோன் அப்பா. வீடு வீடாவே இருக்கு. வெள்ளைக்காரனுக்காக ஏன் சாகணும்?" குழாயைப் பார்த்துப் பயந்து பிள்ளை வீரிட்டு அழுதது. அதுவும் மேலே போனது. முகாமில் எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஹாக்கும் மனசாரச் சிரித்தாள்.

மறுநாள் விடிந்தபோது மூடுபனி. பனிக்குள்ளிருந்து பையன்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை, குன்று கைக்கு வந்துவிட்டது. பெரிய வெற்றி என்று தோழர் நின் தன் தொப்பியைத் தூக்கி எறிந்தார். ஹாக் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர்கள் ஊர் சொம் வந்தான்.

"மதினி! ஒன் குரல் கேட்டுத்தான் பாதிப் பேரு கெளம்புனோம்."

"அவரு எங்க?"

சொம்மின் சிரிப்பு நின்றது. "வரல."

"அடிபட்டுருச்சா?"

"நல்லாத்தான் இருந்தான். குரல் கேட்டதும் துள்ளி எந்திரிச்சான். 'என் பொண்டாட்டிடா'ன்னான். அப்புறம் நீ யாரையோ முவோன் அப்பான்னு கூப்பிட்ட. புள்ள வேற அழுதுச்சு..." சொம் தரையைப் பார்த்தான். "என் நாறவாய் சும்மா இருக்கலையே மதினி. 'போச்சுடா, வேற எவனையோ கட்டிக்கிட்டா'ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. 'அந்த முவோன் அப்பன் எவனோ அவன் எறங்கட்டும், எனக்கு அங்க என்ன இருக்கு'ன்னான். ராத்திரியே வெள்ளைக்காரனோட நடுமுகாமுக்குப் போயிட்டான்."

"அவரு புள்ளடா அது!" என்றாள் ஹாக். முதுகிலிருந்த முவோனை முன்னால் இழுத்துச் சொம்மிடம் நீட்டினாள். "மூக்கப் பாரு! அவரு மூக்கு இல்ல?"

சொம் பார்த்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒலிபெருக்கி கிழக்கே போய்விட்டது. நடுமுகாமுக்கும் அவளுக்கும் நடுவே விமானத் திடல், முள்வேலி, கண்ணிவெடி. ஹாக் பதுங்குகுழி ஓரத்தில் ஏறி நின்று, முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கத்தினாள். "பியெங்! பியெங்!" பிடித்த பிடியில் பிடிவாதமாக நின்ற அந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அவளைக் கோபித்து என்ன பயன்? அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே வாயைக் கட்டினாள். பீரங்கிச் சத்தத்தில் அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. தினமும் வந்து கத்தினாள். அரிசி சுமக்கும் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி நடக்க ஆரம்பித்தார்கள்.

மே மாதம் முகாம் சரணடைந்தது. கைதிகள் சேறும் தாடியுமாக வரிசையில் நடந்தார்கள். வழியோரத்தில் நின்று ஹாக் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவன் திரும்பினான். தை பையன்தான், ஆனால் அவன் இல்லை.

"நானும் பியெங்தான்" என்றான். "எங்க கூட்டத்துல ரெண்டு பியெங். நீ தேடுற ஆளுக்குப் புள்ளகுட்டி உண்டா?"

"ஏன் கேக்குற?"

"எனக்கு மூணு. இன்னொருத்தனுக்கு ஒண்ணும் கெடையாது, அவனே சொல்லுவான். புள்ள இல்லாத பியெங் ஆத்துப் பாலத்துல செத்துட்டான்."

"இருக்கு" என்றாள் ஹாக். "அவருக்கும் ஒண்ணு இருக்கு."

அப்படியானால் ஆள் வேறு என்று அவன் நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, நகர்கிற வரிசையோடு போய்விட்டான்.