எதியேனின் கல்லறை

பெட்டிக்குள் அப்பாவின் கால்கள் அடங்கவில்லை. சௌரினா முழங்காலை மடக்கி அமுக்கினாள். கையை எடுத்ததும் அது மெல்ல எழுந்து பலகையில் முட்டியது.

“சீக்கிரம்டி. விறைச்சுட்டா அப்புறம் முறிக்கத்தான் வேணும்” என்றாள் அம்மா இசபோ.

“பெரிய பெட்டியா செய்யச் சொல்லியிருக்கலாம்ல?”

“எலும்புக்கு எதுக்குடி ஆறடிப் பெட்டி?”

அப்பா போன்ஸ் விடியற்காலையில்தான் போனார். ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த கட்டலான் கூலிப்படைக்காரர். பேசிய கூலியைத் தராமல் ஏய்த்த பிரபுவையும் அவருடைய பிரெஞ்சு வீரர்களையும் அந்தப் படை சதுப்பு நிலத்துக்குள் இழுத்துவிட்டு வெட்டிச் சாய்த்தது. பிறகு கிரேக்க நாட்டுத் தீப்ஸ் நகரத்து வீடுகளையும் விதவைகளையும் பங்கு போட்டுக்கொண்டது. போன்ஸின் பங்குக்கு வந்தவள் இசபோ. வெட்டுப்பட்ட பிரெஞ்சு வீரர்களில் ஒருவனான அவளுடைய முதல் புருஷன் எதியேனின் உடல் சேற்றிலிருந்து கிடைக்கவே இல்லை. கோயிலுக்குள் அவன் பெயர் வெட்டிய கல்லறை மட்டும் இத்தனை வருடமாகக் காலியாகக் கிடந்தது.

அந்த அட்டூழியத்துக்காகப் போப்பாண்டவர் படை மொத்தத்தையும் திருச்சபையிலிருந்து தள்ளிவைத்துவிட்டார். படைக்காரன் செத்தால் பூசையும் கிடையாது, கோயில் மண்ணும் கிடையாது. மதிலுக்கு வெளியே போட வேண்டியதுதான். அங்கே நாய்கள் தோண்டுவதை அப்பா பார்த்திருக்கிறார். எதற்கும் அசராத மனுஷன், கடைசி நாட்களில் தூக்கத்தில்கூட “நாய்கிட்ட விட்டுடாதீங்க” என்று புலம்பினார்.

அவர் புலம்பிக்கொண்டிருந்தபோதே அம்மா காரியத்தில் இறங்கிவிட்டாள். நாணல் வெட்டுகிறவர்கள் எதியேனின் எலும்புகளைக் கண்டெடுத்துக் கொடுத்ததாகப் பாதிரியாரிடம் சொன்னாள். புருஷன் குதிரை வாங்க வெளியூர் போயிருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னாள். இனி ஊரைப் பொறுத்தவரை அப்பா சாகவே போவதில்லை. சௌரினா பெட்டி மூடியை வைக்க விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பா பேரை ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டாங்களாம்மா?”

“அவர் பேரா கேட்டார்? மண்ணுதானே கேட்டார்.” அம்மா மூடியை இழுத்து வைத்தாள். “கோயில்ல நீ அழக் கூடாது. எதியேன் உனக்கு யாரு? எவனுக்காவது சந்தேகம் வந்தா, தோண்டி எடுத்து நாய்க்கே போட்டுடுவாங்க.”

தூக்க இரண்டே பேர். எலும்புக்கு நாலு பேர் வந்தால் ஊர் சிரிக்கும். அப்பாவின் பழைய கூட்டாளி மார்ட்டி முன்னால், அவர் தம்பி பின்னால். தெருவில் இறங்கியதும் மார்ட்டியின் கழுத்து நரம்பு புடைத்தது.

“அண்ணே, சிரமப்படாத மாதிரி நடங்க” என்று அம்மா முணுமுணுத்தாள்.

“சும்மா இரு தங்கச்சி. நல்லாத் தின்னு வளர்ந்த எலும்பு.”

சௌரினாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நொடியே அழுகை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கோயிலில் பாதிரியார் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து இறக்கினார். இறக்கியவர் நிமிர்ந்து அம்மாவையே பார்த்தார்.

“சதுப்பு நிலத்து எலும்பு, தண்ணி நிறைய குடிச்சிருக்கும்” என்றார் கடைசியில்.

“ஆமா சாமி” என்றாள் அம்மா.

அவசரமாக ஜெபம் தொடங்கியது. பாதியில் ஒரு கிழவி தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள். எதியேனின் அக்கா அலிக்ஸ். இவளுக்கு யார் சொன்னார்களோ! யாரையும் பார்க்காமல் நேரே போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

“எங்கண்ணு, எத்தனை வருஷம்டா சேத்துல கெடந்தே! அக்கா வந்துட்டேன்டா.”

பொய்யில்லாத அழுகை. அப்பாவின் முகம் இருந்த இடத்துக்கு நேர்மேலே அவள் கன்னம் பதிந்திருந்தது. சௌரினாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. என் அப்பாவை விட்டு எழுந்திரு என்று கத்த வேண்டும்போல இருந்தது. அப்புறம் அந்தக் கிழவியின் முதுகு குலுங்குவதைப் பார்க்க முடியவில்லை.

பெட்டி குழிக்குள் இறங்கியது. அம்மா ஒரு பிடி மண் போட்டாள். அலிக்ஸ் போட்டாள். அப்போதுதான் தூணோரம் நின்ற சௌரினாவைக் கவனித்தாள்.

“இசபோ, இது அந்தப் படைக்காரன் பொண்ணுதானே? இவளை ஏன் கூட்டிட்டு வந்தே?”

“துணைக்கு வந்தா அண்ணி.”

கிழவி சௌரினாவை மேலும் கீழும் பார்த்தாள். தடியால் மண்குவியலைக் காட்டினாள்.

“வாடி இங்கே. நீயும் ஒரு பிடி போடு. உங்கப்பன் பண்ணின பாவத்துக்கு.”

சௌரினா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மண்ணை அள்ளினாள். குழிக்குள் கையை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, சத்தம் வராமல் போட்டாள். மறுபடியும் குனிந்தாள்.

“ஒரு பிடி போதும்” என்றாள் அலிக்ஸ்.

சௌரினா இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.