தலைவர் எழுதிய ஒரு வரி

அது கச்சான் காற்றின் மாதமா, வாடை தொடங்கிய பிறகா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. மூதூரில் ஒரு காலை; குசினியில் ஜெமீலா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவும் சரி என்றே நினைக்கிறேன்.

கத்தியை வைத்துவிட்டுக் கணவர் அபூதாஹிரைக் கூப்பிட்டாள். "இஞ்ச வந்து பாருங்க."

மீனின் தோலில் காயமில்லை. உள்ளே நடுமுள் நொறுங்கிக் கிடந்தது. சட்டம் தடுத்தும் கடலில் வெடி போட்டுப் பிடித்த மீன் அப்படித்தான் இருக்கும். கொண்டுவந்தவன் மருமகன் நிப்றாஸ், மகளின் கணவன். அபூதாஹிர் முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

பன்னிரண்டு வருடமாக அவர் மீனவர் சங்கத் தலைவர். வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் நற்சான்றுக் கடிதத்தில் ஒரு வரி மாறவே மாறாது: 'இவர் நேர்மையானவர் என்பதை நான் அறிவேன்.' சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தின் காவல் வேலைக்கு நிப்றாஸ் அதைத்தான் கேட்டு நின்றான்.

வீடு மகள் ஜெஸ்மினுக்குச் சீதனமாக எழுதியது. அவரும் ஜெமீலாவும் அதன் பின்னறையில் குடியிருந்தார்கள். மருமகனை மறுத்துவிட்டு அந்த அறைக்கு எந்த முகத்தோடு திரும்புவது?

"ஒப்பம் வெச்சுத் தாங்க மாமா. பஸ் வரப்போகுது."

"மீன் எப்பிடிப் பிடிச்சீங்க, மருமகன்?"

நிப்றாஸ் சிரித்தான். "றம்ஸான் பிடிச்ச மாதிரித்தான். அவருக்கு எழுதிக் குடுக்கக்குள்ள மீனைப் பத்திக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. றம்ஸான் வெடி போடுவது தெரிந்தும், சொந்தக்காரன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு யோசினையா? அத ஆரு மாமா வாசிக்கப்போறது?"

ஜெஸ்மின் கதவடியில் நின்றாள், ஏழு மாத வயிற்றோடு. அவள் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் அவர் எழுதியிருப்பார். பிறகு அபூதாஹிர் பேனையை மூடினார்.

"றம்ஸானுக்கு எழுதினது பொய். உங்களுக்கு எழுதினாலும் பொய்தான். நேர்மை எண்டது மத்தவனுக்கு எழுதிக் குடுக்கிற சாமான் இல்ல, மருமகன். நமக்கு நட்டம் வரக்குள்ளயும் பொய் சொல்லாம நிக்கிறதுக்குத்தான் அந்தப் பேர். அது என்னட்டயே இல்லாமத்தான் இவ்வளவு நாளும் ஊருக்கு எழுதிக் குடுத்திரிக்கன்."

"அப்ப நீங்க எங்க இரிக்கப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான் நிப்றாஸ்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அபூதாஹிர் தன் பொய்யைச் சொல்லிப் பதவி விலகினார். றம்ஸான் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டான். நிப்றாஸுக்கு வேறொருவர் எழுதிக் கொடுத்தார். அவன் இன்றும் சீனன்குடாவில் காவலாளி. அபூதாஹிரும் ஜெமீலாவும் கிண்ணியாவில், அவளுடைய தங்கை வீட்டில், ஓர் அறையில் இருக்கிறார்கள். ஜெஸ்மின் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையோடு வந்து போகிறாள்.